இமையோரத்து நூல்

தையல்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எவர் உடம்பிலாவது ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் காலரில் தொங்கிய நூலை, சட்டைப்பையிலிருந்த குட்டிக் கத்தரியால் நறுக்கென்று வெட்டி, அந்த மனிதர் போட்ட கூச்சலில் பாதி வழியில் இறங்கிய வரலாறு அவருக்கு உண்டு.

"கழுத்தறுக்க வந்தவன்னு நினைச்சிட்டார் பாவம். நல்ல சட்டை, விட மனசு வரல," என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி, கண்ணிமையில் தையலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அதற்கு முன், போன வாரம் மகள் பட்டன் படாரென்று சாத்திவிட்டுப் போனாளே ஒரு கதவு, அதன் அதிர்ச்சி இன்னும் அந்த வீட்டில் அடங்கவில்லை. நடை பழகும் குழந்தையாக இருந்தபோது அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து விழுங்கியவள் என்பதால் அவளுக்குப் பட்டன் என்று பெயர் நிலைத்துவிட்டது. இப்போது வளர்ந்து, டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அம்மாவின் அறுவை சிகிச்சை முடிந்து, கண் வீங்கிக் கோடாகிக் கிடந்த அன்று வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு வேண்டாத கண்ணைத்தான் எனக்குக் கொடுத்தியா?"

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே அச்சுக் கண். மேலிமை கனத்து, மடிந்து, கண் மேல் பாதி இறங்கி நிற்கும். பட்டனுக்கு இப்போது லேசாக. அம்மாவுக்கு வயது ஏற ஏற முழுசாக.

அந்த அம்மாவை ரயில் நிலையத்தில் டிக்கெட்டம்மா என்பார்கள். கவுண்டரில் அவளைப் போல் வேகமாக டிக்கெட் போட ஆள் கிடையாது. ஆனாலும் வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "மேடம், தூக்கமா?" என்பார்கள். தூங்கிக்கொண்டே டிக்கெட் கொடுக்கிறாள் என்று ஒருவர் மேலிடத்தில் புகாரே கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"இமையைத் தூக்கித் தைச்சுக்கப் போறேன்."

"இந்த வயசுலயா?" என்றார் தையல்காரர்.

"இந்த வயசுலதானே தொங்குது?"

"டாக்டர் செய்யச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. எனக்கு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. போனாள், செய்துகொண்டாள், வந்தாள். தலையணைகளை அடுக்கி, நாற்காலியில் சாய்வது போலச் சாய்ந்தே தூங்கினாள். ஈரத்துணியை மாற்றி மாற்றிக் கண் மேல் வைத்துக்கொண்டாள். வீங்கிய இமை நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி வடிந்ததைப் பார்த்தபோது தையல்காரருக்கு நூல் கம்பெனிக்காரன் காட்டும் கலர் அட்டைதான் நினைவுக்கு வந்தது. வாய் தவறியும் ஒரு நாள் அவள் ஐயோ என்று சொல்லவில்லை. தான் விரலில் ஊசி குத்திக்கொண்டால் தெருவையே கூட்டுகிறவர் என்பதால், அவருக்கு மனைவியின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

இன்று தையல் பிரிக்கிற நாள்.

காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள், "ஏங்க, இங்க பாருங்க. வலது கண்ணோரத்துல என்னமோ குத்துது," என்றாள்.

தையல்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். இரண்டு கண்ணிலும் மடிப்பின் இரண்டு கோடியிலும் காகிதப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். வலது கண்ணில் மட்டும் அது களிம்பில் ஊறிக் கழன்றிருந்தது. கழன்ற இடத்தில், முடியைவிடக் கொஞ்சம் தடிமனாக, நீலமாக ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டு நின்றது.

"அட, பிசிறும்மா!" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? வழி தவறி அலைந்தவர் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

"எடுத்துடலாமா, இல்ல டாக்டரே பார்த்துக்கட்டுமா?" என்றாள் அவள்.

"இதுக்குப் போய் டாக்டரா? ஆடாம உட்காரு."

குட்டிக் கத்தரியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். அதிலெல்லாம் ஆள் சுத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோலோடு ஒட்ட, நறுக்.

டிக்கெட்டம்மா கண்ணை மெல்ல மூடித் திறந்து பார்த்தாள். "அப்பாடா! குத்தல. மூக்குப் பக்கமும் ஒண்ணு நிக்குது, அதையும் பாருங்க."

அதையும் பார்த்தார். நறுக். பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. அப்பா கெஞ்சிக் கூப்பிட்டதற்காகப் பட்டன் காரோடு வந்திருந்தாள். தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகை கட்டிய, நான்கு பக்கமும் 'பழகுநர்' என்று எழுதிய கார். அம்மா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். தையல்காரர் முன்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகப் பட்டன் உட்கார்ந்து மாணவர்களைக் காப்பாற்றும் சீட் அது. அங்கேயும் ஒரு பிரேக் உண்டு.

"சாப்பிட்டாங்களான்னு கேளுங்கப்பா," என்றாள் பட்டன், ரோட்டைப் பார்த்தபடி.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க," என்றது பின் சீட்.

அம்மாவும் மகளும் நேரே பேசிக்கொள்ளாமல், நடுவில் இவரைத் தபால்காரராக வைத்துக்கொண்டு பேசினார்கள். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் தையல்காரருக்கு இருப்புக் கொள்ளாது. பிசிறைக் கண்ட மாதிரிதான். உடனே வெட்டிவிட வேண்டும்.

"சரி சரி, அதெல்லாம் முடிஞ்சு போச்சு. விடுங்க. நல்ல நாளும் அதுவுமா," என்றார்.

"என்னப்பா முடிஞ்சுது?" என்றாள் பட்டன்.

எதிரே ஒரு லாரி வர, பயத்தில் தையல்காரரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது.

"அப்பா, காலை எடுங்க! வண்டியை நான் ஓட்டறேன்!"

மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் வரிசையாகப் பச்சை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றிலிருந்து, "அடடே, டெய்லர்!" என்றொரு குரல் வந்ததும் தையல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய வாடிக்கையாளர் பாட்டு டீச்சர். கழுத்து மச்சத்தைக் காட்ட வந்திருந்தார்.

"புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்று டிக்கெட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் சொன்னப்போ எனக்கு மனசே கேக்கல. இந்த வயசுல புரையா!"

டிக்கெட்டம்மா கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மஞ்சள் பூத்த இமைகளோடு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையில் எதையோ தேடினார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "வீட்ல அம்மா வேலைக்குப் போகலையா?" என்று கேட்டார்கள். அழகுக்காக என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று இருந்தது. கண்புரை என்றால் ஒரே வார்த்தை, பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் சொன்னார். ஒருவரிடம் சொன்னதை அப்புறம் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

"புரையெல்லாம் இல்லைங்க டீச்சர்," என்றாள் டிக்கெட்டம்மா. அறை முழுக்கக் கேட்கும் கவுண்டர் குரல் அது. "இமை தொங்கிக் கிடந்துது. அதிகத் தோலை எடுத்துட்டுத் தைச்சிருக்காங்க. நோய் ஒண்ணும் இல்ல. அழகுக்குத்தான்."

எதிர் நாற்காலியில் இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். டிக்கெட்டம்மா அவர்களையும் ஒரு பார்வை பார்த்தாள். கூசவில்லை, குனியவில்லை. இவ்வளவு தைரியமான மனுஷிக்கா நான் போய்ப் புரையை ஒட்டவைத்தேன் என்று தையல்காரர் தன்னையே நொந்துகொண்டார்.

பாட்டு டீச்சர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வலிக்குமா?"

"யாருக்குங்க கேக்கறீங்க?"

"சும்மாதான். எனக்குக் கண்ணுக்குக் கீழ பை மாதிரி தொங்குது பாருங்க..."

இந்தப் பக்கம் பட்டன் அப்பாவின் கையைக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரியே கிள்ளினாள்.

"புரைன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்களாப்பா? அம்மா சொல்லச் சொன்னாங்கன்னு நினைச்சேன். பொய் சொல்லி மறைக்கிற அளவுக்கு இந்தக் கண்ணு மேல அம்மாவுக்கு வெட்கம்னு நினைச்சேன்."

"அவளுக்குத் தெரியவே தெரியாதும்மா. நானாத்தான்..."

பட்டன் அம்மா இருந்த பக்கம் திரும்பி, பாட்டு டீச்சருக்குக் கண்ணை மூடித் திறந்து காட்டிக்கொண்டிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். "நீயும் வா," என்று தையல்காரர் மகளையும் இழுத்துக்கொண்டு போனார்.

டிக்கெட்டம்மாவைப் படுக்க வைத்து விளக்கை முகத்துக்கு நேரே இழுத்தாள் நர்ஸ். முதலில் இடது கண். பிளாஸ்திரியை நனைத்து உரித்தாள். உள்ளேயிருந்து நீல நூலின் முனை எழுந்து நின்றது. அதை இடுக்கியால் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக இழுத்தாள்.

நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இமையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே நூல். முடிச்சு கிடையாது. வெளியே ஓர் இடத்திலும் ஊசி குத்திய தடம் கிடையாது. நூல் முழுக்க வந்த பிறகு, மடிப்புக்குள் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"என்ன வேலைப்பாடு!" என்று தையல்காரர் வாய்விட்டே சொன்னார். வெளியே தெரியாமல் மடித்துத் தைக்கும் வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவர் அவர். இது தோலின் கனத்துக்குள்ளேயே ஓடியிருக்கிறது. தோலுக்கு என்ன கனம் இருக்கும், அதுவும் இமைத் தோலுக்கு? தைத்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

ரசித்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஒரே நூல். முடிச்சு இல்லை. முனையைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள்.

அவர் கை சட்டைப்பையிலிருந்த குட்டிக் கத்தரியைப் பொத்திக்கொண்டது.

நர்ஸ் வலது கண்ணுக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இங்க நூல் முனை ரெண்டும் காணோமே? பிளாஸ்திரி எப்போ கழண்டுச்சு?"

டிக்கெட்டம்மா கண்ணை மூடியபடி, கணவர் நின்ற திசையில் கையை மட்டும் நீட்டினாள். சொல்லு என்பது போலவும் இருந்தது, பயப்படாதே என்பது போலவும் இருந்தது. தையல்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க வெட்டிட்டேன். காலையில. பிசிறுன்னு நினைச்சு."

"வெட்டினீங்களா? எதால?"

"கத்தரிக்கோல்தான். வெந்நீர்ல போட்டு எடுத்தேன்." கொஞ்சம் தயங்கி, "நான் டெய்லர்," என்றார், அதுவே சமாதானம் போல.

"மூக்குப் பக்கத்தை வெட்டச் சொன்னது நான்," என்றாள் படுத்திருந்தவள். "பாதிப் பழி எனக்கு."

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள். சிரிப்பை அடக்கத்தான் கடித்தாள் என்று தையல்காரர் நம்ப விரும்பினார்.

டாக்டரம்மா வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"நான் போட்டது உள்ளுக்குள்ள ஓடுற தையல். வெளியில விட்ட ரெண்டு முனைதான் அதுக்குக் கைப்பிடி. ரெண்டையும் வெட்டிட்டீங்க. முனை உள்ள போயிடுச்சு."

"அப்படியே உள்ளயே விட்டா..." என்று இழுத்தார் தையல்காரர்.

"கரையாத நூல் இது. உள்ள இருந்தா அந்த இடம் தடிச்சு நிக்கும். மடிப்புக்குள்ள ஒளிய வேண்டிய தழும்பு வெளியில துருத்திக்கிட்டுத் தெரியும். நடுவுல சின்னதா ஒரு கீறல் போட்டு, நூலைப் பிடிச்சு, ரெண்டு பக்கமா இழுத்துப் பார்க்கிறேன். வழுக்கிட்டு வந்துட்டா நல்லது. அறுந்து உள்ள தங்கிடுச்சுன்னா, ஆறின கோட்டை மறுபடியும் பிரிச்சுத் தைக்கணும்."

ஆறின கோடு. இத்தனை நாள் அவள் சாய்ந்து தூங்கி, குனியாமல், தேய்க்காமல், சிரிப்பு வந்தாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாதியாகச் சிரித்து ஆற்றிய கோடு. ஒரு நறுக்கில் அதைப் பிரிக்கும்படி ஆகிவிடுமா? தையல்காரருக்குத் தன் கையையே வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது.

"மரத்துப்போற ஊசி போட்டா இமை வீங்கிடும், நூல் கண்ணுக்குத் தெரியாது," என்றார் டாக்டரம்மா. "ஊசி இல்லாம தாங்குவீங்களா?"

"அதெல்லாம் தாங்குவேன் டாக்டர். கோடு மட்டும் கோணாம பார்த்துக்கோங்க," என்றாள் டிக்கெட்டம்மா.

"தலையை ஆடாம யாராவது பிடிச்சுக்கணும். நர்ஸ் எனக்கு இங்க வேணும்."

தையல்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"உங்க கை வேண்டாம்," என்றார் டாக்டரம்மா.

சுவரோரம் நின்றிருந்த பட்டன் கைப்பையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவின் தலைமாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் நெற்றியையும் கன்னத்தையும் அணைத்துப் பிடித்தாள். அவள் முகத்தை அப்போதுதான் டாக்டரம்மா சரியாகப் பார்த்தார்.

"அட, அம்மாவோட பழைய கண்ணு அப்படியே இங்க இருக்கே!"

அவர் விகல்பமில்லாமல் சொன்னதுதான். பட்டனின் தாடை இறுகியது. தையல்காரர் அவசரமாக ஏதாவது சொல்லிப் பேச்சை வெட்டிவிட வாயெடுத்தார். அதற்குள் படுத்திருந்தவள் பேசிவிட்டாள்.

"ஆமா டாக்டர். அதைப் பத்திரமா அவகிட்ட கொடுத்து வச்சிட்டுத்தான் இங்க வந்தேன். இல்லைன்னா எனக்கு வர மனசே வந்திருக்காது."

பட்டனின் கைகள் அம்மாவின் நெற்றியில் அசையாமல் இருந்தன. அசையாமல் வைத்திருக்க அவள் பட்ட பாடு, எதிரே நின்ற தையல்காரருக்குத்தான் தெரிந்தது.

"இப்போ பேசக் கூடாது," என்று டாக்டரம்மா குனிந்தார்.

டிக்கெட்டம்மாவின் கால் கட்டைவிரல் மட்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. இமை நடுவே பொட்டுப் போல ரத்தம் வந்தது. இடுக்கி உள்ளே போனது, தேடியது, வெறுமனே வந்தது. மறுபடியும் போனது. இந்த முறை நுனியில் நீலமாக ஒன்று மாட்டியிருந்தது. அதை நடுவில் வெட்டி, முதலில் வெளிப்பக்கத்துப் பாதியை இழுத்தார் டாக்டரம்மா. வந்துவிட்டது. மூக்குப் பக்கத்துப் பாதி கொஞ்சம் அடம்பிடித்தது. ஊசி இல்லாமல், மூச்சுச் சத்தம்கூட மாறாமல், ஒரு கல் போலக் கிடந்தாள் அவள். டாக்டரம்மா விட்டுப் பிடித்தார், மறுபடியும் இழுத்தார். அதுவும் வந்தது.

இரண்டு துண்டுகளையும் வெள்ளைத் துணியில், இடது கண்ணின் முழு நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நீளம் குறையுது. நீங்க வெட்டின துண்டு எவ்வளவு இருக்கும்?"

"தெரியலைங்களே... இத்துனூண்டுதான்..."

அம்மாவின் தலையை விடாமல் பட்டன் சொன்னாள், "அப்பா, உங்க சட்டையைப் பாருங்க."

ஒரு தையல்காரரின் சட்டையில் எத்தனை நூல் ஒட்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஊரார் நூலையெல்லாம் வெட்டுகிறவர் தன் சட்டையை மட்டும் என்றைக்கும் பார்த்ததில்லை. கருப்பு, வெள்ளை, காக்கி என்று ஒட்டிக்கிடந்ததற்கு நடுவில் மினுமினுப்பாக இரண்டு நீலத் துண்டுகள். டாக்டரம்மா இடுக்கியாலேயே அவற்றை எடுத்து வரிசையில் வைத்தார். முழு நூலின் நீளம் சரியாக வந்தது.

"உள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல," என்றார். தையல்காரர் அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியதை அவர் மறைக்கவும் இல்லை.

டாக்டரம்மா கீறல் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். "கோடு இப்போ சிவப்பா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல இன்னும் சிவக்கும். தொட்டா தடிப்பாகூட இருக்கும். ஐயோ கெட்டுப்போச்சேன்னு பயப்படாதீங்க. ஆறுறது அப்படித்தான், முதல்ல கோபமாத்தான் இருக்கும். மாசக்கணக்குல தானா வெளுத்து மடிப்புக்குள்ள போயிடும். வெயில் படாம பார்த்துக்கோங்க, கசக்காதீங்க. விரல் நுனியால நீவிவிடுறது எப்படின்னு அடுத்த தடவை சொல்லித் தர்றேன்." பிறகு பட்டனைப் பார்த்து, "வீட்ல இருக்கிற கத்தரியை எல்லாம் எடுத்து ஒளிச்சு வைம்மா," என்றார்.

நர்ஸ் கைக்கண்ணாடியை நீட்டினாள். டிக்கெட்டம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மஞ்சள் கறை, வீக்கம், சிவப்புக் கோடு, பிளாஸ்திரி எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

"முழிச்சுக்கிட்டு இருக்கேன்!" என்றாள். சின்னப் பெண் போலச் சிரித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொள்ள மறந்து முழுதாகவே சிரித்துவிட்டாள்.

அவளை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் தையல்காரர். அவருக்கு அந்தப் பழைய கண்ணும் பிடிக்கும், இதுவும் பிடித்துவிட்டது. ஆனால் அவர் அதிகம் பார்த்தது கண்ணை அல்ல. வேண்டும் என்று ஆசைப்பட்டதை வேண்டும் என்றே சொல்லி, அதற்கான வலியையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவளின் அந்தச் சிரிப்பை.

திரும்பும்போதும் அதே உட்காரும் வரிசை. கார் ரயில் நிலையச் சாலையில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பட்டன் நடுக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பின்னால் வரும் வண்டிகள் தெரியவா, பின் சீட் தெரியவா என்று தையல்காரருக்கு விளங்கவில்லை.

"அம்மா," என்றாள்.

நடுவில் தபால்காரர் இல்லை. நேராகவே கூப்பிட்டாள்.

"ம்."

"வலிச்சுதா?"

"கொஞ்சம். நீ பிடிச்சிருந்தே, அதனால தெரியல."

பட்டன் தலையை ஆட்டிக்கொண்டாள். தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மாவும் மகளும் சேர்ந்தாயிற்று, எல்லாம் சுபம் என்று சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் நின்றது. பட்டன் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தாள். ஆள்காட்டி விரலால் ஓர் இமையை மெல்ல மேலே தூக்கினாள். விட்டாள். அது பழையபடி பாதிக் கண்ணில் இறங்கி நின்றது. பச்சை விழுந்து, பின்னால் யாரோ ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள். ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா."

"சொல்லு."

"வலிக்குமா?"

இதே வார்த்தையைத்தான் பச்சை நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பாட்டு டீச்சர் கேட்டார். எதற்குக் கேட்டார் என்பது தையல்காரருக்குத் தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்தார். பத்திரமாகக் கொடுத்து வைத்தேன் என்று சொன்னவளின் கண்கள், அத்தனை பாடுபட்டுத் திறந்த அந்தப் புதுக் கண்கள், மகளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தன.

தையல்காரர் வாயைத் திறந்தார். உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், உன் கண்ணு அழகுதான், விடு, முடிஞ்சு போச்சு என்று நறுக்கென்று சொல்ல எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பார்வைக்கு இதுவும் ஒரு பிசிறு போலத்தான் நீட்டிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

"வண்டியை ஓரமா நிறுத்து, பட்டன்," என்றாள் அம்மா. "போய்க்கிட்டே பேசற விஷயமில்ல இது."

பட்டன் இண்டிகேட்டரைப் போட்டாள். ஆனால் கார் நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டே போனது. அவள் ரோட்டைப் பார்க்காமல் நடுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்தார். மெதுவாக, ஒரே சீராக அழுத்தினார். கார் குலுங்காமல் நின்றது.

காலை எடுங்க என்று பட்டன் சொல்லவில்லை.